டி.சி. வாங்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதலாம் ஆண்டு வகுப்புகள் தொடங்கி ஒரு மாதம் ஆவதற்குள் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டக் கல்லூரிகளின் அலுவலக ஜன்னலில் ஒரே கேள்விதான் வருகிறது: "வேற காலேஜுக்கு மாத்திக்கலாமா சார்?" குடியாத்தத்தில் விரும்பிய பாடம் கிடைத்தவருக்கு வேலூரில் படிக்க ஆசை. வேலூரில் இடம் கிடைத்தவருக்குக் கிடைத்த பாடத்தில் மனம் ஒட்டவில்லை. இந்த விண்ணப்பங்களை அலுவலகத்திலும் துறைகளிலும் பல ஆண்டுகள் கையாண்டவர்கள் நாங்கள். விரும்பிய மேஜர், அதாவது முதன்மைப் பாடம், கையில் இருக்கும்போது கல்லூரியின் பெயருக்காக அதை விடக் கூடாது என்பது எங்கள் கருத்து. மேஜர் பிடிக்கவில்லை என்றால் அதை மாற்றும் காலம் முதல் பருவத்தின் தொடக்க வாரங்கள் மட்டுமே.

சேர்க்கை முடியும் முன் ஒரு கல்லூரியை விட்டு இன்னொன்றில் சேர்வதை இடமாற்றம் என்று சொல்ல முடியாது. அது ரத்து செய்துவிட்டுப் புதிதாகச் சேர்வது. அப்போது கல்லூரி, பாடம் இரண்டையுமே மாற்றிக்கொள்ளலாம். சேர்க்கை முடிந்த பிறகு மிஞ்சுவது உண்மையான இடமாற்றம். வழக்கமாக அது மூன்றாம் பருவத் தொடக்கத்தில் நடக்கும். அதே பட்டம், அதே மேஜராக இருக்க வேண்டும். போகும் கல்லூரியில் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்குள் காலியிடமும் இருக்க வேண்டும். அப்போது மேஜரையும் மாற்ற வேண்டும் என்றால், நடைமுறையில் அடுத்த ஜூனில் மறுபடி முதலாம் ஆண்டுதான்.

ஏன் இப்படி? நம் இளநிலைப் படிப்பில் பகுதி 1 மொழி, பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3 மேஜரும் அதற்குத் துணையான அலைடு பாடமும், பகுதி 4, 5 திறன், மதிப்புக் கல்வி, விரிவாக்கப் பணி என்று பிரித்திருக்கிறார்கள். இயற்பியலில் ஓராண்டு படித்தவர் கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் போனால் தமிழும் ஆங்கிலமும் செல்லும். இயற்பியல் தாள்களும் லேபும் செல்லாது. விட்டுப்போன புரோகிராமிங் தாளை அரியர் போல எழுதிவிடலாம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பெரும்பாலான தாள்களில் 25 மதிப்பெண் அகமதிப்பீடு. வகுப்பில் உட்காராதவருக்கு அந்த 25ஐ எந்த ஆசிரியர் போடுவார்? லேபில் கையெழுத்தான ரெக்கார்டு நோட்டு இல்லாமல் செய்முறைத் தேர்வுக்குள் நுழையவும் முடியாது.

ஆகவே மனம் மாறுவதாக இருந்தால் ஜூலை, ஆகஸ்டிலேயே மாறட்டும். "கட்டிய பணம் போய்விடும்" என்ற பயத்தில் பிடிக்காத பாடத்தில் உட்கார்ந்துவிடும் பிள்ளைகள் ஏராளம். 2018ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட அறிவிக்கை இதற்குத் தெளிவான கணக்கு வைத்திருக்கிறது. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் 100 சதவீதம் திரும்ப வேண்டும். அதில் 5 சதவீதம் வரை, அதிகபட்சம் 5,000 ரூபாய், அலுவலகச் செலவுக்குப் பிடிக்கலாம். 15 நாளுக்கும் குறைவாக இருந்தால் 90 சதவீதம். கடைசித் தேதி கடந்து 15 நாளுக்குள் 80, அடுத்த 15 நாளுக்குள் 50, அதன் பிறகு எதுவும் இல்லை. காப்புத் தொகை முழுவதும் திரும்ப வேண்டும். எழுத்து மூலம் விண்ணப்பித்த 15 நாளுக்குள் பணம் வர வேண்டும். 2024-25 சேர்க்கைக்கு மானியக் குழு இன்னும் தாராளமாக, செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுத் தொகை என்றும், அக்டோபர் 31 வரை 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்றும் சொன்னது. ஆண்டுதோறும் இந்தச் சுற்றறிக்கையைப் பார்க்க வேண்டும். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்த உடனே திருப்பித் தர வேண்டும், பிடித்துவைக்கக் கூடாது என்பதும் அந்த 2018 அறிவிக்கையில்தான் இருக்கிறது. வாய்மொழியாகக் கேட்டுவிட்டுத் திரும்பி வராதீர்கள். தேதி போட்ட கடிதம் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரை வாங்குங்கள். நாள் கணக்கு அந்த முத்திரையிலிருந்துதான் ஓடும்.

இனி, ஓராண்டு முடித்து அதே மேஜரில் வேறு கல்லூரிக்குப் போகிறவர்கள். இவர்களில் பலர் முதல் வேலையாகச் செய்வது டி.சி. வாங்குவது. கடைசியாகச் செய்ய வேண்டியது அது. டி.சி. கொடுத்த நாளில் வருகைப் பதிவேட்டிலிருந்து பெயர் அடிக்கப்படும். போகும் கல்லூரி கைவிரித்தால் இரண்டு பக்கமும் இடம் இல்லை. முதலில் போகும் கல்லூரியின் முதல்வரிடம் மூன்றாம் பருவத்தில் காலியிடம் உண்டா என்று கேட்டு, சேர்த்துக்கொள்ளச் சம்மதம் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். பிறகு படிக்கும் கல்லூரியில் தடையில்லாச் சான்று; அதற்கு நூலகம், லேப், விடுதி, என்.சி.சி. ஸ்டோர்ஸ் எல்லாவற்றிலும் பாக்கி இல்லை என்ற கையெழுத்து வேண்டும். இரண்டு பருவ மதிப்பெண் பட்டியல்களும், படித்த தாள்களின் பாடத்திட்ட நகலும் சேர்த்து, இரு முதல்வர்கள் வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு, நம் பகுதியில் சேர்க்காட்டில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துக்கு, உரிய கட்டணத்தோடு அனுப்ப வேண்டும். ஆணை வந்த பிறகே டி.சி. வாங்க வேண்டும். வேறு பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்களுக்கு இடப்பெயர்வுச் சான்றிதழும் தேவை. அரியர் வைத்திருப்பவரின் விண்ணப்பம் முதல் மேசையிலேயே நின்றுவிடும் என்பதால், ஏப்ரல் தேர்வை நன்றாக எழுதுவதே விண்ணப்பத்தின் முதல் படி.

தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்காமல் போனவர்கள் சிக்கும் இடங்கள் சில உண்டு. பி.எஸ்சி. இயற்பியலுக்கு அலைடு கணிதமும் வேதியியலும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கல்லூரி முதலாண்டில் கணிதம் நடத்தும், இன்னொன்று இரண்டாம் ஆண்டில். மாறிப் போனவர் கணிதத்தை இரண்டு முறை உட்கார்ந்து கேட்பார். வேதியியல் தாள்கள் அப்படியே விட்டுப்போகும். இது தெரியவருவது பட்டச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது. மாநில உயர்கல்வி மன்றம் 2023-24இல் கொண்டுவந்த மாதிரிப் பாடத்திட்டம் இந்தக் குழப்பத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறது, முழுக்க நீக்கவில்லை. திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி, காட்பாடி ஆக்சிலியம், வேலூர் டி.கே.எம். போன்றவை தன்னாட்சிக் கல்லூரிகள். பாடத்திட்டம், வினாத்தாள் எல்லாம் அவர்களுடையது. தன்னாட்சியிலிருந்து, பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் நடக்கும் இணைப்புக் கல்லூரிக்கோ அங்கிருந்து இங்கோ வருகிறவர் ஒவ்வொரு தாளாக எழுதி ஒப்பிட வேண்டும்.

வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் பக்கம் பகுதி 1இல் உருது எடுத்துப் படிக்கும் பிள்ளைகள் நிறைய. பி.ஏ., பி.எஸ்சி. படிப்புகளில் அந்த மொழித்தாள் பெரும்பாலும் நான்கு பருவங்களுக்கு ஓடும். போகும் கல்லூரியில் உருது இல்லையென்றால் மூன்றாம் பருவத்தில் எந்த மொழியை எழுதுவது என்பதை முன்பே எழுத்தில் தீர்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்வழியில் படிப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய இழப்பு காத்திருக்கிறது. அரசு வேலையில் தமிழ்வழிக்கு உள்ள 20 சதவீத முன்னுரிமை, 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பள்ளி முதல் பட்டம் வரை தமிழ்வழியிலேயே படித்தவர்களுக்குத்தான். தமிழ்வழி வரலாறு வகுப்பிலிருந்து ஆங்கிலவழி வகுப்புக்கு மாறுகிறவர் டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை நிரப்ப முடியாது. இதை மாணவருக்கு யாரும் சொல்வதில்லை.

வருகைப்பதிவு இன்னொன்று. பருவத்துக்கு 90 வேலை நாள், 75 சதவீதம் கட்டாயம் என்றால் 68 நாள் வந்தாக வேண்டும், 22 நாள்தான் கைவசம். ஆணைக்காகப் பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரிக்கும் நடந்து 20 நாளைத் தொலைத்தவர் அதன்பின் காய்ச்சல் என்று இரண்டு நாளுக்கு மேல் படுக்க முடியாது. ஆணை வரும்வரை பழைய கல்லூரி வகுப்பை விடாதீர்கள். அந்த வருகைச் சான்றையும் கையோடு எடுத்துப் போங்கள். கூடவே யூமிஸ் என்ற அரசின் உயர்கல்வி மாணவர் தகவல் தளத்தின் பதிவு: பழைய கல்லூரி தன் கணக்கிலிருந்து விடுவித்தால்தான் புதிய கல்லூரி அந்த எண்ணைச் சேர்க்க முடியும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் திடீரென்று நின்றுவிட்டது என்று வருகிறவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

இத்தனையும் சொன்ன பிறகு, "விரும்பிய மேஜர்" என்பது உண்மையிலேயே விரும்பியதுதானா என்று கேட்க வேண்டியிருக்கிறது. சி.எம்.சி. மருத்துவமனை இருக்கும் ஊர் என்பதால் பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி இரண்டுக்கும் இங்கே தனி மவுசு. அதைப் படித்தால் ஆஸ்பத்திரி லேபில் வேலை என்று பெற்றோர் நம்புகிறார்கள். ஆஸ்பத்திரி லேப் டெக்னீஷியன் வேலைக்குக் கேட்பது மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் படிப்பை. அது எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் தனிக் கலந்தாய்வில் வருவது. கலை அறிவியல் கல்லூரியிலிருந்து அங்கே இடமாற்றம் கிடையாது. மாறாக, வேதியியலை யாரும் மதிப்பதில்லை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகளும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் நாள்தோறும் மாதிரி எடுத்துச் சோதிக்க வேதியியல் தெரிந்தவர்களைத்தான் தேடுகின்றன.

கம்ப்யூட்டர் கிடைக்கவில்லை, கணிதம்தான் கிடைத்தது என்று அழுகிறவர்கள் ஓராண்டை எரிக்க வேண்டாம். பிளஸ் 2விலோ பட்டத்திலோ கணிதம் படித்த பட்டதாரிக்கு எம்.சி.ஏ. திறந்திருக்கிறது; இப்போது அது இரண்டே ஆண்டு. ஆனால் பள்ளியில் முதுகலை ஆசிரியராகும் எண்ணம் உள்ளவர் இப்படித் தாவக் கூடாது. அந்தப் பணிக்கு இளநிலையும் முதுகலையும் ஒரே பாடமாகவோ, அரசு சமமென ஏற்ற பாடமாகவோ இருக்க வேண்டும். இயற்பியலில் பி.எஸ்சி.யும் வேறு பாடத்தில் எம்.எஸ்சி.யும் வைத்திருப்பவரை 'கிராஸ் மேஜர்' என்று ஒதுக்கிவிடுவார்கள். புதுப் பெயர் சூட்டிய பட்டங்களில் சேரும்போதும், அரசு வேலைக்கு எந்தப் பழைய பட்டத்துக்கு அது சமம் என்று அரசாணை இருக்கிறதா எனப் பார்த்துவிட வேண்டும். ஆசிரியர் வேலையே குறியாக இருப்பவர் மேஜரை முதலாண்டிலேயே சரியாகப் பிடிக்க வேண்டும், ஓராண்டு போனாலும் பரவாயில்லை.

பொறியியலில் இந்த முடிவு கலந்தாய்விலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. விருப்பப் பட்டியலில் கல்லூரியின் பெயரை மேலே அடுக்கி, பிரிவைப் பின்னால் யோசிப்பவர்கள்தான் பிறகு வருந்துகிறார்கள். 'அப்வார்டு', அதாவது இன்னும் மேலான விருப்பத்துக்கு நகர்த்தும்படி, கேட்டாலும், ஒதுக்கப்பட்ட இடத்துக்கு மேலே நீங்கள் எழுதியவற்றை மட்டுமே கணினி பார்க்கும். கீழே இருப்பது எட்டாது. சேர்ந்தபின் பிரிவு பிடிக்கவில்லை என்றால், அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் (பாடத்திட்ட விதிமுறை) படிப்பவர்களுக்கு 18 கிரெடிட் கூடுதலாகப் படித்து, வேறு துறையில் மைனர் பட்டம் பெறும் வழி உண்டு. மெக்கானிக்கலில் இருந்துகொண்டே வேறு துறையைத் தொட அது போதும்.

கல்லூரி மாறவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. துறையில் நிரந்தர ஆசிரியர் ஒருவர்கூட இல்லை, லேபில் நான்கு பேருக்கு ஒரு கணினி, செய்முறை நேரம் அட்டவணையில் மட்டும் இருக்கிறது என்றால், மேஜரை வைத்துக்கொண்டு கல்லூரியை மாற்றுவது நியாயம். குடும்பச் சூழல், உடல்நலம், அரக்கோணத்திலிருந்து தினமும் ரயில் பிடிக்கும் பாடு, இவையும் நியாயமே. சேர்ந்து படித்த தோழி அங்கே போய்விட்டாள் என்பதும், மாமா அந்தக் கல்லூரியைத்தான் சொல்கிறார் என்பதும் காரணங்கள் ஆகா. போக நினைக்கும் கல்லூரியில் அதே மேஜரின் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் இருவரைப் பிடித்து, போன வாரம் எத்தனை லேப் நடந்தது என்று கேளுங்கள். விளம்பரத் தட்டியில் வராத விவரம் அதில் வந்துவிடும்.

பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரிகளுக்கும் ஒரு கோரிக்கை. மூன்றாம் பருவத்துக்கு எந்தக் கல்லூரியில், எந்த மேஜரில், எந்த வழியில் எத்தனை இடம் காலி என்ற பட்டியலை மே மாதமே இணையத்தில் போடுங்கள். இடமாற்ற விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி அறிவித்து, வகுப்பு தொடங்கும் முன் ஆணை கொடுங்கள். அலைடு தாள்கள் எந்தக் கல்லூரியில் எந்த ஆண்டில் வருகின்றன என்ற ஒரு பக்க அட்டவணையைப் பட்டியலோடு சேர்த்தால், பாதி விண்ணப்பங்கள் எழுதப்படாமலே நின்றுவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர்கள், அலுவலர்கள் சிலர்,
வேலூர்.