திருடனின் தமிழில் பிழை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இதழில் செயற்கை நுண்ணறிவும் சைபர் பாதுகாப்பும் பற்றி வந்த கட்டுரையில், ‘படிப்பறிவும் விழிப்புணர்வும் இல்லாதவர்களே ஏமாறுகிறார்கள்’ என்று ஒரு வரி. காலையில் படித்தது, மத்தியானம் சோறு இறங்கவில்லை. காரிமங்கலம் பக்கத்தில் 31 ஆண்டு தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நானும் ஏமாந்தேன்.

முன்பெல்லாம் மோசடிக் குறுஞ்செய்தியை எழுத்துப்பிழையிலேயே பிடித்துவிடுவேன். ‘உங்கல் வங்கி கனக்கு முடக்கபட்டது’ என்று வரும். லகர ளகரம் தெரியாதவன் வங்கி அதிகாரியா என்று அழித்துவிடுவேன். வீட்டிலும் அதையே சொல்லிக்கொடுத்திருந்தேன். இப்போது வருகிற செய்திகளில் வல்லினம் மிக வேண்டிய இடத்தில் சரியாக மிகுந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு எழுதித் தருகிறது. குரலும் தருகிறது, சில விநாடிப் பேச்சு கிடைத்தால் போதுமாம்.

என் பேரன் ஓசூரில் வேலை பார்க்கிறான். பங்குனியில் ஒரு நாள் சாயங்காலம் புது எண்ணிலிருந்து அழைப்பு. ‘தாத்தா, வண்டியில ஒருத்தர இடிச்சிட்டேன், அப்பாகிட்ட சொல்லிடாதீங்க’ என்றது அவன் குரல். ‘தாத்தா’வில் கடைசி எழுத்தை அவன் இழுக்கிற இழுப்பு அப்படியே இருந்தது. ஊர்த் திருவிழாவில் அவன் மைக் பிடித்துப் பேசிய வீடியோ இணையத்தில் கிடக்கிறது. அதிலிருந்துதான் எடுத்திருக்க வேண்டும் என்கிறான். 48,000 ரூபாயை என் கையாலேயே அனுப்பினேன்.

மறுநாள் வங்கியில், ‘நீங்களே அனுப்பிட்டு எங்களைக் கேட்டா எப்படி சார்?’ என்றார்கள். வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போன பணத்துக்கு, புகார் செய்யும்வரை அவரே பொறுப்பு என்றது ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை. பேரன் குரலை நம்பியது கவனக்குறைவா? பிரிட்டனில் 2024 அக்டோபரிலிருந்து, இப்படி ஏமாந்து தானே அனுப்பியவருக்கும் 85,000 பவுண்டு வரை திருப்பித் தர விதி இருக்கிறது. அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப் பாதி. பெற்ற வங்கிக்கும் கை சுட்டால்தான், திருட்டுப் பணத்தை வாங்கிக்கொள்ளக் கண்டவனுக்கும் வாடகைக்கு விடப்படும் கணக்குகளை அவர்கள் கவனிப்பார்கள்.

காவல் நிலையத்தில் தருமபுரிக்குப் போகச் சொன்னார்கள். குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் புகாரை வாங்க வேண்டும் என்று 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம் சொல்கிறது. சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை உடனே அழைத்திருந்தால், பணம் கைமாறும் முன் முடக்க வாய்ப்பு இருந்திருக்கும். அந்த எண் எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. வங்கியிலிருந்து எனக்கு வரும் எச்சரிக்கை எல்லாம் ஆங்கிலத்தில். என் தமிழைத் திருடன் கற்றுக்கொண்டுவிட்டான். நான் 40 வருஷமாகக் கணக்கு வைத்திருக்கும் வங்கி கற்றுக்கொள்ளவில்லை.

அப்புறம் இந்த ஆதார் நகல். எதற்கெடுத்தாலும் ஒன்று கேட்கிறார்கள், அது எங்கே போகிறது என்று யாரும் சொல்வதில்லை. போன மாதம் மொரப்பூரில் எனக்கு போண்டா மடித்துக் கொடுத்த தாள், யாரோ ஒரு அம்மாவின் கடன் விண்ணப்பம். எண்ணெயில் நனைந்தும் செல் எண் தெளிவாகத் தெரிந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் போட்டேன். தமிழ்நாடு அரசின் சைபர் பாதுகாப்புக் கொள்கை 2020இலேயே வந்துவிட்டது. மத்திய அரசின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. அதற்கு விதிகள் வர 2025 நவம்பர் ஆனது. அந்த போண்டாக் கடை வரைக்கும் எதுவும் வந்து சேரவில்லை.

முதல்முறையாக ஒரு கணக்குக்குப் பெரிய தொகை அனுப்பும் முதியவரின் பணத்தை வங்கி ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்து, தமிழில் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள். சட்டம் இயற்றுவோர் காதில் போட உங்களால் முடியும். உங்கள் பத்திரிகையே செய்யக்கூடியது என்று நான் கேட்பது ஒன்றுதான். தங்கம் விலை போடுகிற கட்டத்துக்குப் பக்கத்தில், ‘பணம் பறிபோனால் உடனே 1930’ என்று தினமும் தமிழில் போடுங்கள். என் வயதுக்காரர்கள் அந்த இடத்தைப் பார்க்காமல் பக்கத்தைப் புரட்ட மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் (பெயர் வெளியிட வேண்டாம்),
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்.