விதைநெல்லிலிருந்து தொடங்கு

மன்னார்குடி
ஆவணி 10

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். சம்பாவுக்கு நாற்றங்கால் சேறடிக்கத் தொடங்கிவிட்டார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உணவையும் அறிவியலையும் சேர்த்துச் சொல்ல எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருந்தாய். விதைநெல்லிலிருந்து தொடங்கு. வீட்டில் நாற்று விடப்போகும் நெல்லில் ஆளுக்கு இரண்டு கைப்பிடி கொண்டுவரட்டும். ரகத்தின் பெயரும் அறுவடையான மாதமும் ஒரு சீட்டில் இருக்க வேண்டும். எத்தனை முளைத்தது என்று பிள்ளை எண்ணிச் சொல்லும் கணக்கு அப்பாவுக்கு அந்த வாரமே பயன்படும். மருந்து கலந்த விதை மட்டும் வேண்டாம்.

முதலில் உப்புக்கரைசல். மாவு நிறைந்த நல்ல நெல் அதில் மூழ்கும், உள்ளே மாவு நிறையாத கருக்காய் மிதக்கும். வயலுக்கு 10 லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரைக் கிலோ உப்பு என்பது கணக்கு; வகுப்பில் ஒரு குழுவுக்கு 1 லிட்டரும் 150 கிராம் கல்லுப்பும் போதும். முட்டையைப் போட்டால் அதன் தலை ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு மேலே தெரிய வேண்டும். முட்டை புதிதாக இருக்கட்டும். நாள்பட்ட முட்டைக்குள் காற்றறை பெரிதாகிவிடுவதால் உப்புக் குறைந்த நீரிலேயே மிதந்துவிடும். அந்தக் கரைசலை நம்பினால் கருக்காயும் நல்ல நெல்லோடு சேர்ந்து அடியில் போய்விடும். நெல்லைக் கொட்டியதும் நன்றாகக் கலக்கச் சொல். உமிமேல் ஒட்டிய காற்றுக்குமிழி நல்ல மணியையும் தூக்கி நிறுத்தும். மூழ்கியதை நல்ல தண்ணீரில் மூன்று முறை அலச வேண்டும். உப்புத் தங்கினால் விதை நீரை உறிஞ்சத் திணறும். மீந்த கரைசலைப் பள்ளித் தோட்டத்தில் ஊற்றிவிடாதே.

மூழ்கியதில் 100, மிதந்ததில் 100, வீட்டில் அவித்துக் காயவைத்த புழுங்கல் நெல்லில் 100 என்று எண்ணி எடுங்கள். மிதந்ததையும் அதேபோல் அலசிவிடுங்கள். மூன்றையும் ஒரு நாள் ஊறவைத்து, பழைய வேட்டித் துணியில் தனித்தனியே சுருட்டி, காலையும் மாலையும் நீர் தெளித்து, மூன்றாம், ஐந்தாம், ஏழாம் நாளில் எண்ண வேண்டும். துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் புளித்த வாடை வரும். காற்றில்லாமல் விதை அழுகும். புழுங்கல் நெல்லில் ஒன்றும் முளைக்காது, சூட்டில் முளைக்கரு செத்திருக்கும். மிதந்ததிலும் சில முளைக்கும். அவற்றைத் தூக்கி எறியாமல் நாற்றின் உயரத்தை அளக்கச் சொல். உள்ளே மாவு குறைந்தால் நாற்று எப்படி மெலிகிறது என்று அளவுகோலே காட்டிவிடும்.

நல்ல விதைக்கு முளைப்புத் திறன் குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே வந்தால் உடனே விதை கெட்டது என்று எழுதவிடாதே, சீட்டைப் பார். இப்போதுதான் அறுத்த நெல் விதையுறக்கத்தில் இருக்கும், அதாவது உயிர் இருந்தும் சில காலம் முளைக்காது. சில வாரம் கழித்து அதையே மறுபடி சோதித்தால் எண்ணிக்கை ஏறும்.

இன்னொன்றையும் கட்டாயம் செய். காற்றுப் போகக் கொதித்து ஆறிய தண்ணீரைப் பாட்டிலில் விளிம்புவரை ஊற்றி, பத்து விதை போட்டு மூடி வை. ஈரத்துணியில் வேர் இறங்கும்போது, பாட்டிலுக்குள் வெள்ளைக் குருத்து மட்டும் நீளும், வேர் வராது. காற்றைத் தேடி மேலே போகிற குருத்து அது. மழைநீர் தேங்கிய நேரடி விதைப்பு வயலில் நாற்று ஏன் பிடிமானமில்லாமல் மிதக்கிறது என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

பிறகு கணக்கு வகுப்பு. சாதாரண நடவில் நீண்டகால ரகத்துக்கு எக்டேருக்கு 30 கிலோ விதை, குறுகியகால ரகத்துக்கு 60 கிலோ. திருந்திய நெல் சாகுபடிக்கு 7 முதல் 8 கிலோதான், ஏனென்றால் குத்துக்கு, அதாவது நடும் ஒவ்வோர் இடத்துக்கும், ஒரே நாற்று. அந்த ஒன்று செத்தால் குத்தே காலி. முட்டை மிதக்கவிட்டுத் தேர்ந்தெடுத்த விதைக்கு அங்கேதான் வேலை.

தண்ணீர்ச் சிக்கனத்துக்கு 30 செ.மீ. குழாய் ஒன்று போதும். கீழ்ப் பாதியில் துளையிட்டு அந்த 15 செ.மீ.யை வயலில் புதைத்து, உள்ளிருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். உள்ளே நீர் தரைக்கு 15 செ.மீ. கீழே இறங்கிய பிறகு பாய்ச்சலாம். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. இதை நடவு முடிந்த பிறகு வைத்துக்கொள்.

எண்ணிக்கை வந்ததும் ரகவாரியாக எழுதி அனுப்பு. 80-க்குக் கீழே வந்த வீடுகளுக்கு நாற்று விடும் முன்பே சொல்லிவிடு.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்