மகரக்கட்டு உடையும் பையன்களைப் பாட விடு

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. சேர்ந்திசையில் பெரிய பையன்கள் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்கிறார்கள், மகரக்கட்டு (பருவ வயதில் குரல் உடைந்து மாறுவது) முடியும்வரை நிறுத்திவைக்கலாமா என்று கேட்டிருந்தாய். நிறுத்தாதே. அப்படிப் போகிறவர்களில் பலர் திரும்பி வருவதில்லை. அளவோடு பாடுவதால் குரல் கெடாது. கத்துவதும், எட்டாத சுரத்துக்காகத் தொண்டையை இறுக்குவதும்தான் கெடுக்கும்.

பெரும்பாலும் 12 முதல் 15 வயதுக்குள் குரல்வளை பெருத்து இறங்குகிறது. குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. பேச்சுக்குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி (ஒரு ஸ-வுக்கும் அடுத்த ஸ-வுக்கும் உள்ள தூரம்) கீழே போய்விடும். புதிய நீளம் தசைகளுக்குப் பழகும்வரை பிசிறடிக்கத்தான் செய்யும். இதைப் பையன்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, பாதிக் கூச்சம் போய்விடும்.

முதல் வேலை, ஒவ்வொருவனையும் தனியாக அழைத்து 20-லிருந்து கீழ்நோக்கி எண்ணச் சொல். குரல் தங்கும் சுரத்தைக் கீபோர்டில் பிடி. அதற்கு மூன்று நான்கு அரைச்சுரம் (கீபோர்டில் கறுப்பும் வெள்ளையுமாக அடுத்தடுத்த கட்டைகள்) கீழே அவன் பாடக்கூடிய அடிச்சுரம் இருக்கும். அங்கிருந்து சிரமமில்லாமல் எதுவரை ஏறுகிறான் என்று குறித்துக்கொள். சிலருக்கு ஐந்தாறு சுரம்தான் தேறும். ஆறு வாரத்துக்கொருமுறை மறுபடி பார், அதற்குள் மாறியிருக்கும்.

பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. "எட்டவில்லையா, ஒரு ஸ்தாயி கீழே பாடு" என்று சொல்லிவிடுகிறோம். பாதி மாறிய குரலுக்கு மேலேயும் எட்டாது, கீழேயும் எட்டாது. பாட்டைத்தான் வளைக்க வேண்டும். மந்தர (கீழ்) ஸ்தாயி ப முதல் மத்ய (நடு) ஸ்தாயி க வரைதான் ஒருவனுக்கு வருகிறது என்று வை. மற்றவர்கள் 'க ம ப' என்று ஏறும்போது அவன் ஸ-வையே பிடித்து நிற்கட்டும். மூன்று சுரத்தோடும் அது இசைந்து போகும். அவனுக்கும் பாட்டில் ஒரு வேலை கிடைத்துவிடும்.

பயிற்சிக்கு ஐந்து நிமிடம் போதும். மெல்லிய பொய்க்குரலில் (இயல்புக் குரலுக்கு மேலே எழும் லேசான குரலில்) 'ஊ' என்று மேலே தொடங்கி வழுக்கிக்கொண்டு இறங்கச் சொல். கீழிருந்து ஏறினால் கனத்த குரலை அப்படியே மேலே இழுத்துப்போவான், அங்கேதான் உடையும். ஸ்ட்ராவின் நுனியைத் தண்ணீரில் இரண்டு விரற்கடை அமிழ்த்தி, குமிழி விட்டபடி 'ஊ' சொல்வதும் நல்லது; நாண்கள் பலமாக மோதிக்கொள்ளாது.

வலி இருந்தாலோ, கரகரப்பு மூன்று நான்கு வாரம் நீடித்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டச் சொல்.

பையன்களின் குரல் வீச்சுகளை (அடிச்சுரம் முதல் உச்சச் சுரம் வரை) குறித்து, பாட்டின் சுரக்குறிப்போடு அனுப்பு. அவர்களுக்கான பகுதியை எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்