கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பாருங்கள்

அன்பு மகளுக்கு,

ஓடைக்கரையில் பிள்ளைகள் கண்டுபிடித்த கல்லடுக்கையும், சற்றுத் தள்ளி மரத்தடியில் இருந்த இலை வளையத்தையும் பற்றிக் கேட்டிருந்தாய். தொடலாமா, நாமும் செய்யலாமா என்று இரண்டு கேள்வி. தொட வேண்டாம். செய்யலாம், ஆனால் கல்லில் வேண்டாம், இலையில் செய்யுங்கள். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். வெறுமனே "தொடாதே" என்றால் எந்தப் பிள்ளை கேட்கும்? நீ கேட்டாயா?

இப்படி ஏதாவது கண்ணில் பட்டால், இது மனிதர் கைவேலைதானா என்று முதலில் அவர்களையே யோசிக்கச் சொல். பல சித்திரங்களை வரைந்தது வேறு ஆட்கள். பச்சை இலையில் வெள்ளையாக வளைந்து வளைந்து ஒரு கோடு ஓடுமே, அது இலைக்குள்ளேயே இருந்து தின்றபடி போன புழுவின் பாதை. மேல்தோலையும் கீழ்த்தோலையும் விட்டுவிட்டு நடுவிலுள்ள சதையை மட்டும் தின்னும். கோடு மயிரிழையாக இருக்கும் முனையில்தான் அது முட்டையிலிருந்து வெளிவந்தது. தின்னத் தின்ன உடம்பு பெருக்கும், கோடும் அகலமாகும். நடுவில் கறுப்பாகத் தெரிவது அதன் எச்சம். அகலமான முனையில் புழு இன்னும் இருக்கலாம், வெளியேறிய ஓட்டை மட்டும் இருக்கலாம். இலையைப் பறிக்காமல் வெயிலுக்கு எதிராகச் சாய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கடற்கரைக்குப் போனால், நீர் வற்றிய நேரத்தில் ஈர மணலைப் பாருங்கள். சின்னத் துளையைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் அளவு மணல் உருண்டைகள் கதிர் கதிராகப் பரவிக் கிடந்தால், அது ஒரு வகைச் சிறு நண்டின் வேலை. மணலை வாயில் அள்ளி, அதிலுள்ள இரையை வடித்துக்கொண்டு, மிச்சத்தை உருட்டிப் போட்டுவிட்டு நகரும். அடுத்த ஏற்றத்தில் எல்லாம் கரைந்துபோகும். புல்வெளியில் வட்டமாக முளைக்கும் காளானும் யாரும் நட்டதல்ல. மண்ணுக்குள் பூஞ்சை இழை ஒரு புள்ளியிலிருந்து நாலாபக்கமும் பரவுகிறது, விளிம்பில் காளான் தலைகாட்டுகிறது.

இனி அந்தக் கல்லடுக்கு. அதில் பசை எதுவும் இருக்காது. மேல்கல் கீழ்க்கல்லை மூன்று இடத்தில் தொட்டால் போதும்; அந்த மூன்று புள்ளிகளைச் சேர்த்த முக்கோணத்துக்கு நேர் மேலே கல்லின் எடை மையம் அமைந்துவிட்டால் நிற்கும். கூர்முனையில் நிற்கிற மாதிரி தெரியும் கல்லைக் குனிந்து பக்கவாட்டில் பார்த்தால், அடியில் சிறு மேடுகளோ, கீழ்க்கல்லில் அது உட்கார்ந்திருக்கும் குழியோ அகப்படும். அதனால்தான் சொரசொரப்பான கல் எளிதாக நிற்கிறது, வழவழப்பான கூழாங்கல் அடம்பிடிக்கிறது. பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிவந்து அந்த மூன்று புள்ளிகளைத் தேடட்டும். தொட்டால் மேல்கல் விழுவது பெரும்பாலும் பார்ப்பவர் கால்மேல்தான்.

ஓடையிலிருந்து கல் எடுத்து அடுக்குவது எனக்குப் பிடிக்காத காரியம். கல்லுக்கு அடிப்பக்கம் ஒரு குடித்தனமே நடக்கிறது: நீர்ப்பூச்சிகளின் இளம்புழுக்கள், மணலைக் கோத்துத் தனக்கே கூடு கட்டிக்கொள்ளும் புழுக்கள், சில மீன்களின் முட்டைகள். கல்லைப் புரட்டி வெயிலில் வைத்தால் அத்தனையும் காய்ந்துபோகும். கரையிலிருந்து பெயர்த்தால் அடுத்த வெள்ளத்தில் மண் அரிக்கும்.

ஆனால் இருக்கிற அடுக்கைத் தள்ளிவிடவும் கூடாது. மலைப்பாதையில் அது வழிக்குறியாக இருக்கலாம். மூடுபனியில் அதை நம்பித்தான் ஆட்கள் நடப்பார்கள். அகலமான அடி, மேலே போகப்போகக் குறுகும் குவியல், ஒன்றிலிருந்து பார்த்தால் அடுத்தது தெரியும் தூரம் — இவை இருந்தால் பெரும்பாலும் வழிக்குறிதான். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் அகேடியா தேசியப் பூங்காவில் உள்ளவை பார்க்கச் சிற்பம் போலவே இருக்கும்: இரண்டு கால்கள், அவற்றின் மேல் குறுக்கே ஒரு தட்டைக்கல், உச்சியில் பாதையைக் காட்டும் சிறு கல். வால்ட்ரன் பேட்ஸ் என்பவர் 1900-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த அமைப்பு அது. அழகாயிருக்கிறதே என்று அதில் ஒரு கல்லைக் கூட்டினாலும் குறைத்தாலும், பின்னால் வருபவர் வழி தப்பிவிடுவார்.

இலை வளையத்துக்கு வருவோம். இதில் கெடுதல் குறைவு, கற்றுக்கொள்ள நிறைய. உதிர்ந்த இலை மட்டும் எடுங்கள், அதுவும் ஒரே மரத்தடியில். பச்சை, மஞ்சள், சிவப்பு, பழுப்பு என்று நிற வரிசையில் பிரித்துக் குவிப்பதுதான் பாதி வேலை. அவசரப்பட்டு இதைத் தாண்டினால் வளையம் குப்பையாகத் தெரியும். ஒரு குச்சியை நட்டு, அதில் அரை மீட்டர் கயிறு கட்டிச் சுற்றினால் ஒரு மீட்டர் குறுக்களவில் வட்டம் கிடைக்கும். அதன் சுற்றளவு மூன்று மீட்டருக்குச் சற்று மேல். பத்து சென்டிமீட்டர் அகல இலையைப் பாதி மறைத்துப் பாதி தெரிய வைத்தால், ஒரு வரிசைக்கு அறுபத்து மூன்று இலை வேண்டும். கிழிந்தது, சுருண்டது போகும், எண்பதாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

கெடுப்பது காற்று. அது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, அது போகும் பக்கத்தில் தொடங்கி வரும் பக்கம் நோக்கி அடுக்கிக்கொண்டு வா. கூரை ஓடு வேய்கிற முறைதான்: காற்று முதலில் படும் இலை அடுத்ததன் விளிம்பை மேலிருந்து மூட வேண்டும். தலைகீழாக வைத்தால் ஒரே வீச்சில் எல்லாம் எழுந்துவிடும். வளையம் என்பதால் எல்லா இடத்திலும் இது முழுதாக வாய்க்காது, ஆகவே பெரிய வேர் இடுக்கையோ புதர் மறைவையோ தேர்ந்தெடு. காம்பை ஈர மண்ணில் குத்திவிட்டால் இன்னும் பிடிக்கும். ஈரமான இலை தரையோடு ஒட்டிக் கிடக்கும், காயும்போது சுருளும். அதனால் படம் எடுப்பதானால் உடனே எடுத்துவிடு. மேகம் மூடிய வெளிச்சத்தில் நிறம் நன்றாக வரும். நல்ல வெயிலில் ஈர இலை கண்ணாடியாக மின்னி நிறத்தைத் தின்றுவிடும். ஆண்டி கோல்ட்ஸ்வொர்தி என்ற பிரிட்டிஷ் கலைஞர் இலையோடு இலையை முள்ளால் கோத்தும், எச்சிலால் ஒட்டியும் வேலை செய்தவர். பிள்ளைகளுக்கு எச்சில் சங்கதி மிகவும் பிடிக்கும், முள்ளை நீ வைத்துக்கொள்.

பொருளே வேண்டாம் என்றாலும் வழியிருக்கிறது. ரிச்சர்ட் லாங் என்பவர் 1967-இல் ஒரு புல்வெளியில் நேர்கோட்டில் போய்ப் போய் வந்தார். புல் மடிந்து ஒரு கோடு விழுந்தது, படம் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான் படைப்பு. உன் பெரியவளுக்கு இது பிடிக்கும். சின்னவன் நேராக நடப்பானா என்பது வேறு விஷயம்.

சாயம் பூசிய கல்லை ஒளித்துவைக்கும் விளையாட்டு வீட்டுத் தோட்டத்தோடு நிற்கட்டும். அந்தச் சாயமும் வார்னிஷும் பிளாஸ்டிக் வகை, உரிந்து மண்ணிலும் தண்ணீரிலும் சேரும். மரப்பட்டையில் பெயர் செதுக்குவது அறவே வேண்டாம். மரத்தின் உணவு போகும் பாதை பட்டைக்கு உட்புறம்தான் இருக்கிறது, வெட்டு அதை அறுக்கும். ஏற்கெனவே யாரோ செதுக்கியிருந்தால் பிள்ளைகளிடம் கேள்: மரம் உயர்ந்தால் இந்த எழுத்தும் மேலே போகுமா? போகாது. மரம் நுனியில்தான் உயரும். நெஞ்சு உயரத்தில் செதுக்கியது அங்கேயே நிற்கும், அகலம் மட்டும் கூடும்.

பாறை ஒதுக்கில் காவியோ வெள்ளையோ மங்கலாக உருவங்கள் தெரிந்தால் மட்டும் விளையாட்டை நிறுத்து. பழைய பாறை ஓவியமாக இருக்கலாம். சிவப்பு பெரும்பாலும் இரும்புச் சத்துள்ள காவிமண். தெளிவாகத் தெரியட்டும் என்று தண்ணீர் தெளிப்பார்கள், சுண்ணக்கட்டியால் ஓரம் வரைவார்கள். இரண்டும் ஓவியத்தைக் கெடுக்கும், கைரேகை எண்ணெயும் கெடுக்கும். நிழலில் நின்று படம் எடு. நிற வேறுபாட்டை விரித்துக் காட்டும் டீஸ்ட்ரெச் என்ற மென்பொருளில் போட்டால் கண்ணுக்குத் தெரியாத கோடுகூட எழும்பும். கீறியோ கொத்தியோ செய்த உருவம் என்றால் காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும்போதுதான் பிடிபடும். அளவு தெரிய ஒரு குச்சியைப் பக்கத்தில் வை, பாறைமேல் சாத்தாதே. இடத்தை ஊருக்கெல்லாம் அறிவிக்காமல் தொல்லியல் துறைக்கு மட்டும் எழுது. படத்துக்குள் இடக்குறிப்பும் பதிந்துவிடும், ஆகவே யாருக்கு அனுப்புவதற்கு முன்பும் படத்திலிருந்து அதை நீக்கிவிடு. இதில் சந்தேகம் இருந்தால் பெரியவளைக் கேள், உன்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அன்புடன்,
அம்மா