தொங்கும் விளக்கில் ஊஞ்சல்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு இடைவேளையில், வழிபாட்டுக் கூடத்தில் சங்கிலியில் தொங்கும் டியூப் லைட்டைப் பிடித்துக்கொண்டு எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஊஞ்சல் ஆடியிருக்கிறான். மூன்றாவது வீச்சில் ஒரு பக்கத்து ஸ்க்ரூ, கூரைக்குள் அதைப் பிடித்திருந்த பிளக்கோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அப்போது கரண்ட் இல்லை. இருந்திருந்தால் அறுந்த வயரில் 230 வோல்ட். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

கூப்பிட்டு விசாரித்தேன். "முதல்ல சும்மா தொங்கிப் பார்த்தேன் சார், தாங்குச்சு. நான் 38 கிலோதானே" என்றான். சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் ஆடியிருக்கிறான். ஆனால் அவன் சோதித்தது அசையாமல் தொங்கும் உடம்பை. ஆடும் உடம்பு கீழே வரும்போதுதான் வேகம் அதிகம். அந்த இடத்தில் சங்கிலி எடையைத் தாங்கினால் மட்டும் போதாது, உடம்பை வளைத்து மறுபக்கம் மேலே திருப்பவும் வேண்டும். 60 டிகிரி வரை விலகி ஆடினால் இழுவிசை எடையைப் போல இரண்டு மடங்கு, அதாவது 76 கிலோ. கிடைமட்டம் வரை போனால் மூன்று மடங்கு. இதுபோக, பக்கவாட்டு இழுப்பு பிளக்கை ஒவ்வொரு வீச்சிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திவிடும்.

மறுநாள் அவன் வகுப்பிலேயே செய்து காட்டினேன். சுருள்வில் தராசில் அரை கிலோ கல்லைக் கட்டி, 60 டிகிரிக்குத் தூக்கி விட்டேன். கல் அடியைக் கடக்கும்போது முள் ஒரு கிலோவை நெருங்கியது. "இன்னொரு தடவை சார்" என்று முதலில் கேட்டதும் அவன்தான்.

தூளியில் ஆடி வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். கூரையிலிருந்து எது தொங்கினாலும் ஆடக் கை நீளத்தான் செய்யும். ஆனால் தூளிக் கொக்கி கான்கிரீட்டுக்குள் கம்பியோடு பிணைத்துப் போட்டது. டியூப் லைட்டுக்கு இருப்பதோ இரண்டு ஸ்க்ரூ. இரண்டு கிலோ விளக்குக்காகப் போட்டவை அவை. இந்த வித்தியாசத்தை வீட்டில் மேலே கை காட்டியே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஃபேனுக்கும் இதே கதைதான்: அதுவும் ஆள் பிடித்து ஆடுவதற்காகப் போட்டதல்ல.

விளக்குக்கு அடியில் பெஞ்ச் கிடந்தது எங்கள் தவறு. அதை அன்றே அகற்றிவிட்டோம். சங்கிலி விளக்குகளை எல்லாம் கழற்றி, கூரையோடு ஒட்டிப் பொருத்தும் வேலை இந்த வாரம் நடக்கிறது. அது முடியும்வரை கூடம் பூட்டியிருக்கும். காலை வழிபாடு வேப்பமரத்தடியில்.

வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு அதே சோதனையை உங்களுக்கும் செய்து காட்டுகிறேன். அவசியம் வாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்