ஐந்து வாளிப் பால்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

ஜார்ஜ் ஆர்வெலின் ‘விலங்குப் பண்ணை’ குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரை, ஸ்டாலின் கால ரஷ்யாவை எள்ளி எழுதப்பட்ட அந்நாவலுக்குச் சோவியத் ஒன்றியம் மறைந்தபின் வரலாற்று மதிப்பு மட்டுமே எஞ்சியிருக்கிறது என்று முடித்திருந்தது. அது ரஷ்யாவைக் குறித்தது என்பதில் ஐயமில்லை. 1944 தொடக்கத்தில் எழுதி முடிக்கப்பட்ட நூலைப் பதிப்பாளர் பலர் ஏற்க மறுத்ததில், போரில் பிரிட்டனின் கூட்டாளியாக நின்ற நாட்டைச் சீண்டுவானேன் என்ற தயக்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு. ஐரோப்பாவில் போர் ஓய்ந்த பிறகு, 1945 ஆகஸ்டில்தான் அது அச்சேறியது. ஆனால், அதன் பயன் ரஷ்யாவோடு முடிந்துவிட்டது என்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

சில விலங்குகள் மற்றவற்றைவிடக் கூடுதலாகச் சமம் என்னும் புகழ்பெற்ற வாசகத்தையே கட்டுரையும் மேற்கோள் காட்டுகிறது. அது கடைசி அத்தியாயத்தில், எல்லாம் கைமீறிப் போனபின் சுவரில் எழுதப்படுவது. சீரழிவு தொடங்குவதோ, முதலாளியை விரட்டி விலங்குகள் பண்ணையைக் கைப்பற்றும் புரட்சிக்கு மறுநாள், ஐந்து வாளிப் பாலில். மற்ற விலங்குகள் அறுவடைக்குப் போய் மாலையில் திரும்பும்போது பாலைக் காணவில்லை. அது பன்றிகளின் தீவனத்தில் கலக்கப்படுவதும், உதிர்ந்த ஆப்பிள்களும் அவற்றுக்கே ஒதுக்கப்படுவதும் பின்னர் தெரியவரும்போது, பேச்சில் வல்ல ஸ்குவீலர் என்னும் பன்றி வந்து, பன்றிகள் பலவற்றுக்குப் பால் பிடிக்கவே பிடிக்காது, மூளை உழைப்பாளிகளான அவை பண்ணையின் நலனுக்காகவே அதைக் குடிக்கின்றன, இல்லாவிட்டால் பழைய முதலாளி ஜோன்ஸ் திரும்பிவிடுவான் என்று விளக்குகிறது. கேட்பவை அடங்கிவிடுகின்றன. கதையின் திருப்புமுனை இதுவே என்றும், அப்போதே மற்ற விலங்குகள் உறுதியாக எதிர்த்திருந்தால் நிலைமை சரியாகியிருக்கும் என்றும் ஆர்வெலே பின்னாளில் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

சலுகையைத் தியாகமாகக் காட்டும் இந்தப் பேச்சுக்கு நாடோ கட்சியோ கொள்கையோ எல்லையாக முடியாது. பின்னர் தீவனத்தைக் குறைக்கும்போது ‘குறைப்பு’ என்ற சொல்லை ஸ்குவீலர் மறந்தும் பயன்படுத்துவதில்லை. ‘மறுசீரமைப்பு’ என்றே சொல்கிறது. பன்றிகளுக்கும் நாய்களுக்கும் மட்டும் பங்கு குறையவில்லையே என்றால், அளவுமீறிய சமத்துவம் கொள்கைக்கே முரணாம்!

நூலைத் திருப்பி அனுப்பிய ஃபேபர் நிறுவனத்தின் சார்பில் கவிஞர் டி. எஸ். எலியட் எழுதிய கடிதத்தில், தேவைப்பட்டது பொதுநல உணர்வு கொண்ட பன்றிகள் என்ற கருத்து உண்டு. எவ்வளவு பெரிய கவிஞரானாலும், இங்கே அவர் குறியைத் தவறவிட்டார் என்றே நினைக்கிறேன். பாலைப் பங்கிடுபவரே கணக்கையும் வைத்திருந்து, அந்தக் கணக்கைப் படிக்கத் தெரியாதவர்களே பெரும்பான்மையாகவும் இருக்கும் இடத்தில், நல்ல பன்றி எத்தனை நாள் நல்ல பன்றியாக இருக்கும்?

கட்டுரையாளர் தொடாத ஒரு பகுதியைச் சுட்டி முடிக்கிறேன். உழைத்து ஓய்ந்த விலங்குகள் மேய்வதற்கென்று பழத்தோட்டத்துக்கு அப்பால் ஒரு சிறு புல்வெளி ஒதுக்கப்பட்டிருந்தது. குதிரைக்கு ஓய்வு வயது 12, பசுவுக்கு 14 என்று விதியும் இருந்தது. அந்த நிலம் உழப்பட்டு அதில் பார்லி விதைக்கப்படுகிறது. பார்லி முழுவதும் பன்றிகளுக்கு என்று அறிவிப்பு வருகிறது, ஒவ்வொரு பன்றிக்கும் நாள்தோறும் பீர் கிடைக்கிறது. ஓய்வு வயதுச் சட்டத்தை யாரும் ரத்து செய்யவில்லை. ஆண்டுகள் பல கடந்தபின்னும், ஒரு விலங்குகூட ஓய்வு பெற்றிருக்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்