கச்சான் உடைக்க நமக்கேற்ற கருவி

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் வாழ்வாதார உதவி என்று இயந்திரம் தருபவர்கள், அது பழுதானால் யார் திருத்துவது என்பதையும் யோசித்துத் தரவேண்டும்.

முத்தையன்கட்டு, ஒட்டுசுட்டான் பக்கங்களில் கச்சான் (நிலக்கடலை) செய்கை பலருக்கு முக்கிய வருமானம். கோது உடைப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. நாள் முழுக்க உடைத்தால் நகக்கண் வெடித்துவிடும். எங்கள் மாதர் சங்கத்துக்கு மின்சாரத்தில் ஓடும் உடைக்கும் இயந்திரம் ஒன்று கிடைத்தபோது அவ்வளவு மகிழ்ந்தோம். ஆனால் அதன் சல்லடை எங்கள் கச்சானின் பருமனுக்குப் பொருந்தவில்லை. பருப்பு இரண்டாகப் பிளந்தது. பிளந்த பருப்பு முளைக்காது, விதைக்கு ஆகாது. பிறகு பெயரிங் போனது. மாற்றுப் பாகம் கிடைக்கவில்லை. இப்போது அது சங்கக் கட்டடத்தில் துருப்பிடிக்கிறது.

மேற்கு ஆபிரிக்காவின் மாலி நாட்டுப் பெண்களுக்கென உருவான கைக்கருவி ஒன்று இருக்கிறது. சீமெந்தால் வார்த்த கூம்பு ஒன்று, அதைச் சுற்றி இன்னொன்று. இடைவெளி மேலே அகலம், கீழே ஒடுக்கம். கைபிடியைச் சுற்றினால் கோது நெரிந்து பருப்போடு கீழே விழும். சுளகில் புடைத்தெடுக்க வேண்டியதுதான். தண்டில் உள்ள திருகைத் திருப்பினால் இடைவெளி கூடும், குறையும். எங்கள் பருமனுக்கு நாங்களே சரிசெய்யலாம். மின்சாரமும் வேண்டாம், டீசலும் வேண்டாம். வார்ப்பு அச்சு கிடைத்தால் மாங்குளத்திலோ புதுக்குடியிருப்பிலோ வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர் செய்துதருவார்.

செய்யத் தெரிந்த கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. 1990களில் போரின்போது பெட்ரோல் அரிதான பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெட்ரோலைப் பீச்சிக் கிளப்பி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளும் தண்ணீர்ப் பம்பும் ஓட்டியவர்கள் நாங்கள். ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். அன்று அவற்றைச் செய்த கம்மியர்கள் இன்று முதியவர்கள். அவர்களின் பட்டறைகளில் வேலை பழகவரும் இளைஞர்களுக்கு உதவித்தொகை கொடுக்க ஒரு திட்டமும் எங்கள் பகுதியில் இல்லை. இது எனக்குப் பெரும் வேதனை.

மாகாண விவசாயத் திணைக்களத்தையும் உதவி நிறுவனங்களையும் கேட்டுக்கொள்கிறேன்: இயந்திரம் வாங்கும் பணத்தில் ஒரு பங்கையாவது உள்ளூர்ப் பட்டறைகளுக்குக் கொடுங்கள். வாங்குவதற்கு முன் அதைக் கையாளப்போகும் பெண்களிடம் ஒரு மூடை கச்சானைக் கொடுத்து உடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த கச்சான் அறுவடைக்குள் ஓர் அச்சு எங்கள் பிரதேசத்துக்கு வந்தால் போதும், மிச்சத்தை நாங்களே வார்த்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
மாதர் சங்க உறுப்பினர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.